அம்மாவுக்கு நான் கிட்டார் கற்றுக்கொடுத்தேன்

பதினொரு வயதில் எனக்குக் கிட்டாரில் மூன்று கார்டுகள், அதாவது விரல்களைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று சுரக்கட்டுகள், தெரியும். சி, ஜி, ஏ மைனர். மூன்று தெரிந்தவள் அந்த மூன்றையும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அப்படித்தான் அந்த வருஷம் என் அம்மாவுக்கு நான் டீச்சரானேன்.

கிட்டார் என்னுடையது அல்ல. மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரும் என் நைனாவும், அதாவது அப்பாவும், ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தடாவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் சித்தூருக்கு வருவார்கள். மாமா வேலையில் சேர்ந்த புதிதில் ஆசையாகக் கிட்டார் வாங்கினார். பத்து நாள் வாசித்தார். விரல் நுனி சிவந்ததும் அதை உறையில் போட்டுக் கொண்டுவந்து, "ரூம்ல எடமில்லக்கா" என்று எங்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "தொட்டேன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான்" என்று சொன்னார். அதுவரை எனக்குத் தொடும் எண்ணமே இல்லை.

அம்மாவின் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் ஹைதராபாத்துப் பையன் ஒருவன் தெலுங்கில் சொல்லிக்கொடுப்பான். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தடவையாவது, "நொப்பி வஸ்துந்தி, பரவாலேது" என்பான். வலிக்கும், பரவாயில்லை. எனக்கும் வலித்தது. விரல் நுனியில் கோடு விழுந்தது, கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. காய்த்த விரல்களால் சாப்பாட்டுத் தட்டில் தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும். வகுப்பில் எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நான்கு மாதத்தில், எங்கள் கிறிஸ்தவ சபையில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு அடுத்தபடி சித்தூரில் நான்தான் என்று முடிவுக்கு வந்திருந்தேன்.

எஃப் மட்டும் வரவில்லை. சுட்டுவிரலைக் கட்டை மாதிரி நீட்டி, ஆறு கம்பிகளின் மேலும் ஒரே சமயத்தில் படுக்க வைத்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் வேறு இடங்களில் நிற்க வேண்டும். என் சுட்டுவிரல் அந்த அகலத்துக்கே போதவில்லை. பாட்டில் எஃப் வரும் இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் பாடுவேன். அது ஒரு பாணி என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

அந்த ஆவணியில் அம்மா விழுந்தாள். அவள் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். தினமும் விடியற்காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவாள். மழை நாள் ஒன்றில் பஸ் படியிலிருந்து இறங்கும்போது வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

பிறகு வீட்டில் நடந்தது ஒரு வழக்கு. எலும்பு முறிந்தால் புத்தூர் நாட்டுக்கட்டு என்பது எங்கள் ஜில்லாவில் பேச்சுக்கு இடமில்லாத விஷயம். அம்மாவோ ஆஸ்பத்திரிக்காரி. எக்ஸ்ரே எடுத்தாள், மாவுக்கட்டு போட நாளும் குறித்துக்கொண்டாள். நைனாவும் மாமாவும் சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

"நீ நர்ஸா இரு, டாக்டராவே இரு. எலும்புன்னா புத்தூருதான்" என்றார் நைனா.

"வார்டுல தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள் அம்மா.

"வார்டுல இருக்குறவங்கள்ள பாதிப்பேரு புத்தூர்ல கட்டுனவங்கதான்க்கா" என்றார் மாமா.

கடைசியில் ரேணிகுண்டா வழியாகப் புத்தூருக்குப் போய்ப் பச்சிலையும் முட்டையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டைப் பிரித்தபின் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பு அழகாகக் கூடியிருந்தது. புத்தூரும் ஜெயித்தது, எக்ஸ்ரேயும் ஜெயித்தது.

ஆனால் அத்தனை வாரம் அசையாமல் கிடந்த விரல்கள் மடங்க மறுத்தன. எந்தக் கட்டு போட்டாலும் அப்படித்தான் இருக்கும், பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, பிசியோதெரபி பார்க்கும் பெண்மணி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். என் அம்மா அதை நாற்காலியில் உட்கார்ந்து அமுக்கினாள். சாம்பார் கொதிக்கும்போது அமுக்கினாள். நாலு நாளில் பந்து கட்டிலடியில் கிடந்தது.

ஒரு சாயங்காலம் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பாட்டைக் கேட்க வந்ததாக நினைத்து, எனக்கு நன்றாக வரும் பகுதியையே இரண்டு தடவை வாசித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எப்டிடி, ஒவ்வொரு வெரலும் தனித்தனியா போவுது?"

"பிராக்டிஸ்மா."

"இங்க குடு, பாக்கலாம்."

என் வாசிப்பு அவளை அப்படி இழுத்துவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சி. கிட்டாரை அவள் மடியில் வைத்தேன். முதல் கம்பியை ஒரு விரலால் அழுத்தவே அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலாம் விரல் நடுங்கிக்கொண்டு காற்றில் நின்றது. "நொப்பி வஸ்துந்தி, பரவாலேது" என்றேன், அந்தப் பையன் சொல்கிற மாதிரியே. அம்மா சிரித்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் முதல் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏதாவது தின்றுவிட்டு உட்கார்ந்தால், விளக்கு வைக்கும் நேரம்வரை நடக்கும். கண்டிப்பான டீச்சராக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த டீச்சர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

மாணவியிடம் ஒரு பெரிய குறை. வலது கை. கம்பிகளை மீட்ட வேண்டிய அந்தக் கையைப் பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை. "அத அப்பறம் பாத்துக்கலாம்" என்பாள். தாளம் தப்பினால் வருத்தப்பட மாட்டாள், பாட்டு பாதியில் நின்றாலும் கவலைப்பட மாட்டாள். இடது கை விரல்கள் இடத்தில் உட்கார்ந்ததா, அது மட்டும்தான். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக ஒரே ஒரு விரல் நகர்ந்தால் போதும். அதையே ஐம்பது தடவை செய்துகொண்டிருப்பாள். சோம்பேறி மாணவி, பாதிக் கிட்டார்தான் கற்றுக்கொள்வாள் என்று எனக்குப் பட்டது. வேறு வழியில்லாமல் வலது கை வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கட்டிலில் அவள் உட்கார, முன்னால் முக்காலி போட்டு, அவள் முழங்கால்களுக்கு நடுவில் நான் உட்காருவேன். கிட்டார் என் மடியில். அவளுடைய இடது கை என் கைக்கு அடியில் நுழைந்து வந்து கம்பிகளை அழுத்தும், நான் மீட்டுவேன். அதனால் வகுப்பு நேரத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூச்சு மட்டும் பின்கழுத்தில் படும். சில நாள் அந்த மூச்சு நின்று நின்று வரும்.

"அழுத்திக்கினே இரும்மா. வுட்டா சத்தம் செத்துப்போவும்."

"அழுத்திக்கினுதான்டி இருக்கறேன்."

அந்த நாட்களில்தான் ஒரு போன் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கெல்லாம் மேலாக இருந்த சூப்பிரண்டு மேடம். அம்மா தெலுங்கில் பேசினாள். "வஸ்துந்தி மேடம், தப்பக்குண்டா வஸ்துந்தி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வந்துவிடும், கட்டாயம் வந்துவிடும். சனிக்கிழமை நைனாவிடம் அவள் அதைச் சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"லீவு முடியறதுக்குள்ள கை மூடலன்னா வார்டு இல்லயாம். ஓ.பி.ல உக்காந்து சீட்டு எழுதுன்றாங்க."

"எழுதேன். நிக்கத் தேவயில்ல. நைட்டு டூட்டி கெடயாது" என்றார் நைனா.

அம்மா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். "பொறந்து பத்து நாளு கொழந்தைக்கு நரம்பு கெடைக்கலன்னா என்னத்தான கூப்பிடுவாங்க" என்றாள். "இந்தக் கையால கொழந்த கையப் புடிச்சி, தோல இழுத்து நிறுத்தணும். அது ஆடாம இருந்தாத்தான் அந்தக் கையில ஊசி. ரெண்டு தடவ குத்துனா அந்தத் தாய் மூஞ்ச பாக்க முடியாது."

நான் இதையெல்லாம் கேட்டேன். எனக்குத் தோன்றியது, நைனா சொல்வதுதான் சரி. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதுவது எவ்வளவு நல்ல வேலை! சாயங்காலம் களைப்பில்லாமல் வருவாள், வகுப்பும் ஒழுங்காக நடக்கும்.

என் கவலை வேறு. சபையில் அறுப்பின் பண்டிகை வந்துகொண்டிருந்தது. காய்கறி, கரும்பு, கோழி என்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்துவிட்டு, ஆராதனைக்குப் பிறகு பந்தலில் குழந்தைகள் நிகழ்ச்சி வைப்பார்கள். எங்கள் சபையில் காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு. அன்று மட்டும் இரண்டு சபையும் ஒரே பந்தலில் கூடும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் யார் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கி, "நானும் என் ஸ்டூடன்டும் கிட்டார் வாசிக்கிறோம்" என்றேன். ஸ்டூடன்ட் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். பெயர் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மா திடுக்கிட்டாள். "இன்னாடி இது, ஆயர் முன்னாடி, அத்தன பேர் முன்னாடி..." ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாட்டுல இன்னா இன்னா வருது?" என்று கேட்டாள்.

"சி, ஏ மைனர், ஜி, எஃப். எஃப் வேணாம். அந்த எடத்துல நம்ம பாடிடலாம்."

"ஏன் வேணாம்?"

"அது கஷ்டம்மா. எல்லா வெரலும் வேணும். அழுத்தமும் வேணும்."

"அப்ப அதான் வேணும்" என்றாள் அம்மா.

எனக்கே வராத ஒன்றை அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து இடத்தில் வைத்தேன். சுட்டுவிரலைக் கம்பிகளின் மேல் கிடத்தி, அதன் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். மீட்டினால் தடதடவென்று ஓட்டைத் தகரம் மாதிரி சத்தம். மறுபடியும். மறுபடியும். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான் தூங்கியெழுந்து வந்தால்கூடச் சமையலறையில் அவள் கிட்டார் இல்லாமலே, பூரிக்கட்டையின் மேல் விரலை அதே மாதிரி வைத்து அமுக்கிக்கொண்டிருப்பாள். மாணவிக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் அவள் மணிக்கட்டு வீங்கியது. சனிக்கிழமை என்பதால் நைனாவும் மாமாவும் வந்திருந்தார்கள். நைனா கையைப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "இன்னா வெளயாட்டு இது? ஒடஞ்ச கைய மறுபடியும் ஒடக்கப் போறியா?" மாமா கிட்டாரை உறையில் போட்டு, "நானே எடுத்துனு போறேன், இனிமே ரூம்லயே இருக்கட்டும்" என்றார். பெயர் எழுதியாகிவிட்டது, எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது என்று நான் அழுதேன். அம்மா வெந்நீரில் கையை முக்கி, விரல்களை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு, "டேய், அத அங்கயே வை. நாளைக்கி வாசிக்கிறோம்" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள் என்று நினைத்து, அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பந்தலில் எங்களுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் நெற்கதிரோடு ஆடினார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு முக்காலி. அம்மா நாற்காலியில், நான் முன்னால். ஒரு கிட்டாருக்கு இரண்டு பேரா என்று யாரோ சிரித்தார்கள். மைக்கை என் வாய்க்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று கீபோர்டு அண்ணன் சரிசெய்தார். எனக்குப் பயமே இல்லை. அம்மாவின் கை மட்டும் சில்லென்று இருந்தது.

அது எல்லாருக்கும் தெரிந்த ஒரு நன்றிப் பாட்டு. நான் மீட்டிக்கொண்டு பாடினேன். முதல் சரணம் நன்றாகப் போயிற்று. எஃப் வந்த இடத்தில் தகரச் சத்தம். நான் குரலை உயர்த்தி மூடினேன். இரண்டாவது சரணம், அதே இடம், அதே தகரம். படையலில் கட்டிவைத்திருந்த சேவல் ஒன்று அப்போது பார்த்துக் கூவியது. பந்தலே சிரித்தது. பின்கழுத்தில் அம்மாவின் மூச்சு நின்றது.

மூன்றாவது சரணத்தில் அந்த இடம் வந்தது. அவள் கை கம்பிகளின் மேல் இறங்குவதைப் பார்த்தேன். சுட்டுவிரல் நேராகப் படுத்தது. மற்ற மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் அதனதன் இடத்தில் போய் நின்றன. நான் மீட்டினேன். ஆறு கம்பிகளும் ஒரே குரலாக, முழுசாக, ஒலிபெருக்கியில் பந்தல் நிறைய ஒலித்தன. அப்படி ஓர் எஃப்-ஐ எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

நல்லது. அடுத்து சி-க்குப் போக வேண்டும். அவள் போகவில்லை.

கை அங்கேயே நின்றது. நான் மீட்டினேன், எஃப். மறுபடியும் எஃப். பாட்டு ஓரிடத்திலேயே நின்று சுற்றியது. முழங்கையால் இடித்தேன். "மா, சி! சி-க்குப் போம்மா!" மைக்கில் அது தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பாட்டையோ ஜனத்தையோ பார்க்காமல் அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதை விட வெட்கக்கேடு, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

கீபோர்டு அண்ணன் உள்ளே புகுந்து பாட்டை எடுத்துக்கொண்டார். சபை முழுவதும் சேர்ந்து பாடி முடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆயர் மைக்கில் எனக்கும் என் மாணவிக்கும் நன்றி சொன்னார். எனக்கு ஒன்றும் இனிக்கவில்லை. ஒரே ஒரு கார்டு சரியாக வந்ததற்காகப் பாட்டையே மறந்துவிட்ட மாணவியை எந்த டீச்சரால் மன்னிக்க முடியும்? பந்தியில் அம்மாவின் பக்கத்தில் உட்காராமல் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமா பிரியாணியைப் பிசைந்துகொண்டே, "எனக்கே எஃப் வரலடி" என்று முனகினார். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா வேலைக்குத் திரும்பினாள். போகும்போது சூப்பிரண்டு மேடம் கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பதாக நைனாவிடம் போனில் பேசினாள். நான் அதற்குள் கோபத்தை விட்டிருந்தேன். தப்பு செய்தவர்களுக்கு மறுபடியும் சொல்லிக்கொடுப்பதுதான் டீச்சர் வேலை என்று ஒரு பெருந்தன்மை வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு வேறு பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாயங்காலம் முக்காலியைப் போட்டுக் காத்திருந்தேன். கிட்டாரை மாமா அடுத்த வாரம் எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டு விட்டுப்போயிருந்தார்.

அம்மா வழக்கமான பஸ்ஸில் வந்தாள். முகம் கழுவினாள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கிட்டாரை நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி மூணு பசங்கடி" என்றாள். "மூணு பேருக்கும் ஒரே குத்து."

"சரி. கிளாஸ் ஆரம்பிக்கலாமா?"

"ஒன்னு பொறந்து ஆறே நாளு. கை இவ்ளோதான் இருந்துச்சி."

சொல்லிக்கொண்டே இடது கையால் என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். கட்டைவிரலால் புறங்கைத் தோலை மெல்லக் கீழே இழுத்து நிறுத்தினாள். நாலு விரலும் அடியில் கெட்டியாக அணைத்துக்கொண்டன. கொஞ்சமும் ஆடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பச்சை நரம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மாணவி வகுப்புக்குத் தயாராகி, என் கையையே கிட்டாராக நினைத்துக் கார்டு பிடித்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் பிடித்திருந்த விதம் முழுக்கத் தப்பு. அது சி-யும் இல்லை, எஃப்-பும் இல்லை. "அப்டி இல்லம்மா" என்றேன். அவளுடைய விரல்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சுட்டுவிரல் இங்கே, நடுவிரல் இங்கே, மோதிரவிரல் அதற்குக் கீழே என்று என் கைமேல் ஏ மைனராக வைத்துக்கொடுத்தேன். அவளும் நான் வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.